பீரோவுக்குள் நின்றுபோன சாம்பியன் கடிகாரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தபிறகு கண் தெரியாது என்பாள் மனைவி. அந்தக் கோபத்தில்தான் என் மச்சானை இழந்தேன்.

மனைவியின் அண்ணன் அவன். அதற்கு முன்பே அண்ணாமலை நகரில் என்னோடு படித்தவன். நான் நானூறு மீட்டர் ஓடுவேன். விடிகாலையில் மைதானத்தில் நின்று ஸ்டாப்வாட்ச் பிடிப்பது அவன் வேலை. யூனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுத்த வாரம், கோச்சிடம் அரை செகண்டு குறைத்துச் சொல்லும்படி அவனைக் கெஞ்சினேன்.

"நீ ஓடிக் கொறைடா மச்சான். நான் வாயால கொறைக்க மாட்டேன்" என்றான்.

டீமில் இடம் கிடைக்கவில்லை. ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. சில வருஷம் கழித்து அவன் தங்கையையே கட்டிக்கொண்டேன்.

நான் கடலூரில் பி.டி. மாஸ்டர் ஆனேன். அவன் துபாய்க்குப் போய் ஒரு வாட்ச் கடையில் சேர்ந்தான். 2008இல் லீவில் வந்தவன் ஒரு கனமான பெட்டியை நீட்டினான். உலக சாம்பியனான ஓட்டக்காரர் ஒருவரோடு சேர்ந்து ஒரு பெரிய கம்பெனி வடிவமைத்த கடிகாரம். ஓடுதளத்தின் செம்மண் நிறத்தில் வார். டயலைச் சுற்றி எட்டு லேன்கள்போல வெள்ளைக் கோடுகள். பின்பக்கம் அந்தச் சாம்பியனின் கையெழுத்து. இதை வாங்குவதற்காகவே இரண்டு வருஷம் ஊருக்கு வராமல் இருந்தானாம்.

"கழட்டாம போட்டுக்க மச்சான்" என்றான். ஆசையில் சொல்கிறான் என்று நினைத்தேன்.

அவ்வளவு உசத்தியான பொருளை யாராவது புழுதி மைதானத்துக்குப் போட்டுக்கொண்டு போவார்களா? நல்ல நாளுக்கு ஆகட்டும் என்று, மஞ்சள் தொட்டுவைத்த வெள்ளைத் துணியில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அடுத்த வாரம் எடுத்துப் பார்த்தால் நின்றிருந்தது. கையில் எடுத்ததும் கொஞ்சம் ஓடியது. வைத்துவிட்டுப் பார்த்தால் மறுபடி நின்றிருந்தது. உடன் வேலை பார்த்த வாத்தியாரிடம் சொன்னேன். "அங்கல்லாம் டூப்ளிகேட் ஜாஸ்தி சார்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவனுடைய அடுத்த லீவில், சிதம்பரத்தில் என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைக்கும் நேரம். "டூப்ளிகேட் வாட்ச்சக் குடுத்து ஏமாத்துனவன் மடியிலயா?" என்றேன், சபை முழுக்கக் கேட்கும்படி.

அவன் முகம் செத்துப்போனது. "கையில போட்டியா மச்சான், இல்லியா?"

"ஓடாத வாட்ச்ச எதுக்குடா போடணும்?"

ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் விடவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். மனைவியின் சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குழந்தைக்குக் காது குத்தினோம். மச்சான் பந்தியில் உட்காராமல் கிளம்பிப் போனான்.

பிறகு மனைவி போனில் அழும்போதெல்லாம், "அவன் ஒரு வார்த்த கேக்கட்டும், சொல்றேன்" என்பானாம். நான் கேட்கவில்லை. 2011இல் துபாயில் தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து போய்விட்டான். சவப்பெட்டியில்தான் சிதம்பரம் வந்து சேர்ந்தான்.

அந்த வருஷக் கடைசியில் அடித்த புயலில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. பீரோவுக்குள்ளும் தண்ணீர் இறங்கியது. நனைந்த புடவைகளை எடுத்தபோது, துணியோடு கடிகாரமும் வந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு அதைத் தன் கையில் கட்டிக்கொண்டு வேறு வேலையைப் பார்த்தார். கால்மணி நேரம் கழித்துக் கையை நீட்டிக் காட்டினார். ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரிஜினல் சார். ஆட்டோமேட்டிக். பேட்டரி கெடையாது, கை ஆடுனாத்தான் ஓடும். போடாம பூட்டி வச்சிட்டீங்களா?"

கடை வாசலில் நின்று அழுதேன். எனக்காக அரை செகண்டுகூடப் பொய் சொல்லாதவனை, ஊர் கூட்டி ஏமாற்றுக்காரன் என்றிருக்கிறேன். இந்த வாயை என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரப் புடவைகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? ஒரு வார்த்த கேட்டா சொல்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே எங்கண்ணன். அவருகிட்ட போய்க் கேளுங்க."