கண் எழுதிய குதிரை

கம்ப்யூட்டரில் ஒரு பொம்மையை நாலடி நடக்க வைப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. இதற்குத்தான் சென்னையில் சம்பளம். இந்தச் சலிப்பு எனக்குப் புதிதில்லை. ஒன்பது வயதில், அன்னவாசல் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பழகியதுதான்.

அக்கா அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். மேலே படிக்கவைக்கத் தோதில்லை, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போ என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் வீட்டிலேயே ஒரு பொம்மைப் படம் எடுக்கத் தொடங்கியிருந்தாள். "இந்தப் படத்த மட்டும் முடிச்சுட்டுப் போறேன்ப்பா" என்றாள். பொம்மைப் படம்தானே, எத்தனை நாள் இழுக்கப்போகிறது என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார்.

படத்தில் ஒரு அக்காள், ஒரு தங்கை; கிணற்றுப் பேய் அக்காளை மண்குதிரையாக்கிவிடும். தங்கை அதை ஓட்டிக்கொண்டு ஏழு மலை தாண்டுவாள். கடைசியில் குதிரைக்குக் கண் திறக்கும். அக்காள் மறுபடி மனுஷியாகி வீடு திரும்புவாள். கண்மாய் மண்ணில் அக்காவே குதிரை செய்தாள். நான் அதை நகர்த்த வேண்டும், அவள் அம்மாவின் போனில் ஒரு போட்டோ எடுப்பாள்.

"அங்கிட்டு ஒரு நெல்லளவு நகத்துடி. போதும்."

அப்படிப் பன்னிரண்டு போட்டோவை வரிசையாக ஓடவிட்டால் படத்தில் ஒரு விநாடி. ஒரு மாதத்தில் மூன்று மலைதான் தாண்டியிருந்தோம். வெளிச்சம் சரியில்லை, குதிரை சாய்ந்திருக்கிறது என்று எடுத்ததையே திரும்ப எடுப்பாள். எனக்கு முட்டி வலித்தது, அழுகை வந்தது. படம் முடிந்தால்தானே அவள் திருப்பூர் போவாள், எனக்குப் புதுப் பனியன் வரும்? ஒரு மத்தியானம் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, கதையை முடித்துவிடலாம் என்று கண்மையை எடுத்துக் குதிரைக்கு இரண்டு கண்ணும் எழுதிவிட்டேன்.

எங்கள் பக்கம் அய்யனாருக்குச் செய்கிற மண்குதிரைக்குக் கண் திறந்துவிட்டால், அது கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். பொம்மைக்கும் அதே சட்டம்தான் என்று அம்மா நினைத்தாள்.

"கண்ணு தொறந்தத வீட்டுல வைக்கக் கூடாதுடி. இன்னைக்கே கொண்டுபோயி விட்டுட்டு வந்துருங்க."

"இன்னும் நாலு மலை இருக்கும்மா" என்றாள் அக்கா. என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

சாயங்காலம் இருவரும் நடந்துபோய், கோயிலில் பெரிய குதிரைகளின் காலடியில் அதை வைத்துவிட்டு வந்தோம். "குதிரைதான் போயிருச்சுல்ல, பெறகென்ன? கெளம்பு" என்றார் அப்பா.

திங்கட்கிழமை அக்கா திருப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னால்தான் அவள் இவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. "எனக்கு ரோஸ் கலர் பனியன்க்கா" என்று கத்தினேன். அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கும் போக ஆசைதான் என்று நினைத்துக்கொண்டு, பஸ் திரும்புகிற வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.