கடைமடைக்காரர் கேட்ட தண்ணீர்

போன வாரம் ஊட்டி போயிருந்தோம். காரைக்கால் வெயிலில் வெந்த உடம்புக்கு நாலு நாள் குளிர் — அவ்வளவுதான் திட்டம். காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு லூர்துசாமி அண்ணனும் கூட வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். போலகத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார்.

மனிதருக்கு ஊர் பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை. ஆற்றில் தண்ணீர் வராமல் அவர் நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் கடைமடை... காவிரி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்தால் எங்களிடம் வரும். மேலே இருக்கும் தலைமடைக்காரர்கள் மீது எங்களுக்கு எப்போதும் ஒரு கடுப்பு உண்டு. "தண்ணியை யாரு புடிச்சு வச்சிருக்கான்னு பார்த்துட்டு வரேன்" என்றுதான் அண்ணன் பஸ் ஏறினார்.

கடைசியில் காவிரிக்கு வந்து சேரும் ஒரு மலை ஆற்றை அணை கட்டித் தேக்கிய ஏரிக்குப் போனோம். கரை முட்டத் தண்ணீர். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அண்ணனுக்கோ முகம் சிவந்துவிட்டது.

"பார்த்தீங்களாம்மா? இவ்வளவையும் வச்சிக்கிட்டு இவங்க சுகமா இருக்காங்க. நாம அங்க வானத்தைப் பார்த்துக்கிட்டு கெடக்கறோம்."

நாலு கேள்வி கேட்டே தீருவது என்று, அணைக்குக் கீழே தெரிந்த வீடுகளைப் பார்த்து இறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன். சண்டையை விலக்க ஆள் வேண்டாமா?

கீழே ஆறு இல்லை. வெறும் பாறைதான். நடுவில் ஓர் அம்மாள் கல்லைப் புரட்டி, குழி பறித்து, கலங்கல் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்.

"மேல அவ்வளவு தண்ணி கெடக்குதே?" என்றார் அண்ணன்.

"அது கரண்ட் எடுக்கறதுக்குங்க. மலையைக் குடைஞ்சு குழாய் வழியா அந்தப் பக்கம் கொண்டுபோறாங்க. முன்னெல்லாம் ஆறு இந்த வழியாத்தான் ஓடுச்சு. இப்ப மீனும் இல்ல, தவளையும் இல்ல. உருளைக்கிழங்கு போட்டிருக்கேன்... இந்த வாரம் தாங்காது."

"கரண்ட்டாவது வருதா உங்களுக்கு?"

"எங்களுக்குச் சிம்னி விளக்குதாங்க."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய கல்லாகப் பார்த்துப் புரட்டத் தொடங்கினார். நம் வீட்டு பல்பு எரிய, யாரோ ஒருத்தி வாசலில் ஓடிய ஆறு காய வேண்டியிருக்கிறது. சுவிட்சைப் போடும்போது இதையெல்லாம் யார் நினைக்கிறோம்?

திரும்பும்போது அண்ணன் அணைக் காவலாளியிடம் போய் நின்றார். தன் நாற்றங்காலுக்குத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"எங்க ஊருக்குத் தண்ணி வர்றப்ப வரட்டும் தம்பி. இந்தா, காலடியில இருக்கறவங்களுக்கு ஒரு வாய்க்கால் அளவாவது விடணும்னு உங்க ஆபீசர்கிட்ட சொல்லுங்க."

காவலாளி தலையாட்டினார். விடுவார்களா? தெரியாது.

எங்கள் பக்கம் தண்ணீர்ச் சண்டை எத்தனையோ பார்த்திருக்கிறேன். தலைமடைக்காக ஒரு கடைமடைக்காரர் கெஞ்சி — அன்றைக்குத்தான் பார்த்தேன்.