ஒட்டாமல் விட்ட தாள்

1. பதினாலாம் நம்பர்

மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டராக ரிட்டயர் ஆனேன். படிப்பு பத்தாவதுதான். அந்த வேலையில் பயந்த நாட்கள் நிறைய உண்டு. கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்துப் பயந்தது ஒரு நாள்தான். அதை இங்கே எழுதுகிறேன்.

அன்று காலை ஷிப்ட். பத்தரை மணிக்கு அம்மோனியா பம்பின் சீல் பிய்த்துக்கொண்டது. ஜன்னல் வழியே பார்த்தால் பம்ப் இருந்த இடமே தெரியவில்லை. வெள்ளைப் புகை. பம்பை உடனே நிறுத்திவிட்டேன். ஆனாலும் டேங்கிலிருந்து வருவது நிற்கவில்லை. யாராவது உள்ளே போய் டேங்க் வால்வைக் கையால் மூடியாக வேண்டும்.

ஃபீல்டு ஆபரேட்டர் பஷீர் காற்று சிலிண்டரை முதுகில் கட்டினான். வண்ணாரப்பேட்டைக்காரன், எனக்குப் பதினெட்டு வருடப் பழக்கம்.

"தேவா, வால்வு நம்பரை கரீட்டா சொல்லு. மாத்திச் சொல்லிட்டு அப்பால சாரி கேக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் முகமூடியை மாட்டினான்.

நான் புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்துப் படித்து, வாக்கிடாக்கியில் சொன்னேன்: "பதினாலு."

2. புத்தகமும் டேப்பும்

அவசரத்தில் எந்த வால்வை மூடுவது என்று பார்க்க எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்று கெட்டி அட்டை போட்ட அச்சுப் புத்தகம். இன்னொன்று, அதே புத்தகத்தை ஏற்றிக் கம்பெனி கொடுத்த டேப்லெட்; நாங்கள் டேப் என்போம். ஷிப்ட் இன்சார்ஜ் செல்வி மேடம் டேப்பில்தான் படிப்பார்.

"தேடினா உடனே வந்துடுதுண்ணா. எதுக்கு இந்த மூட்டையைத் தூக்கிக்கினு அலையிறீங்க?" என்று கேட்பார்.

எனக்கு டேப் ஒத்துவரவில்லை. நான் வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்கிறவன். டேப்பில் விரல் வைத்தால் பக்கம் ஓடிப்போகும். புத்தகத்தில் எது எந்தப் பக்கம், எந்த மூலையில் டீக்கறை என்பதுவரை எனக்குத் தெரியும். வீட்டில் சாமி புத்தகம் படிக்கிற மாதிரியே இதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் திறப்பேன்.

மேலாபீஸில் எதையாவது மாற்றினால் டேப்பில் தானாக மாறிவிடும். புத்தகத்துக்குத் திருத்தத் தாள் வரும். அதைப் பழைய பக்கத்தின் மேல் ஒட்டுவது என் பொறுப்பு. அந்த வருடம் பிளான்டை நிறுத்திப் பழுது பார்த்த ஷட்டவுனில் டேங்க் பைப் லைனை மாற்றியிருந்தார்கள். அதற்கான தாள் சரஸ்வதி பூஜை அன்று வந்தது. புத்தகம் அப்போது பொட்டு வைத்து, பூ போட்டு, ஸ்பேனர்களோடு பூஜையில் இருந்தது. பூஜையில் வைத்த புத்தகத்தை அன்று எடுக்கக் கூடாது, படிக்கக் கூடாது. அதனால் தாளை டிராயரில் வைத்தேன்.

மறுநாள் கற்பூரம் காட்டிப் புத்தகத்தை எடுத்தேன். வழக்கப்படி ஒரு பக்கம் வாசித்தேன். எல்லோருக்கும் பொரியும் சுண்டலும் கொடுத்தேன். தாளை மறந்துவிட்டேன்.

3. விசில்

"பதினாலு மூடிட்டேன். இன்னும் அட்ச்சிக்கினு கீது தேவா" என்றான் பஷீர்.

"நல்லா இறுக்கிப் பாரு."

"இறுக்கியாச்சு நைனா. புக்குல இன்னா போட்டுக்குது, இன்னொரு தபா பாரு."

மறுபடி விரல் வைத்தேன். பதினாலு. அதற்கும் மறுபடி வைத்தேன். பதினாலுதான். அப்போது செல்வி மேடம் டேப்பை என் முன்னால் நீட்டினார். "அண்ணா, இதுல ஆறுன்னு இருக்கு. கேட் பக்கம்."

டிராயரில் கிடந்த தாள் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

ஆறாம் நம்பர் கிழக்கே, கேட்டுக்குப் பக்கத்தில். பதினாலு மேற்குக் கோடி. கடல் காற்று கிழக்கிலிருந்து அடித்துப் புகை முழுவதையும் மேற்கே, பஷீர் மேல் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் வேறு வழி கிடையாது. வெளியே வர வேண்டுமென்றால் புகைக்குள் நடந்துதான் வர வேண்டும்.

அந்த நேரத்தில் வாக்கிடாக்கியில் விசில் கேட்டது. சிலிண்டரில் காற்று குறைந்தால் அந்த செட் விசில் அடிக்கும். என்னால் பட்டனை அழுத்த முடியவில்லை. மேடம் வாங்கிப் பேசினார்.

"பஷீர்ணா, மூட வேண்டியது கேட் பக்கம் ஆறு. ஆனா இப்ப வால்வு வேணாம். பைப்பைப் பிடிச்சிக்கினே கேட் பக்கம் வாங்க. வெளிய வந்தா போதும்."

"ஒண்ணுமே தெர்ல மேடம்."

அதற்கப்புறம் பேச்சில்லை, விசில் மட்டும். பிறகு விசிலும் நின்றது. திருவொற்றியூர்த் தாயே, வடிவுடையம்மா, அவனுக்குச் சின்னப் பெண் குழந்தை இருக்கிறாள் என்று மட்டும் சொல்ல வந்தது. வேறு ஒரு மந்திரமும் வாயில் வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஜன்னலில் பம்பின் மேல்பாகம் மங்கலாகத் தெரிந்தது. புகை குறைகிறது என்று புரிந்தது. கேட்டிலிருந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஃபயர் ஆட்கள், ஆறாம் நம்பர் வால்வுக்குக் கீழே கிடந்த பஷீரை இழுத்து வந்தார்கள். வரும் வழியில் அவன்தான் அதை மூடியிருக்கிறான்.

4. ஆஸ்பத்திரியில்

கண்ணில் கட்டோடு படுத்திருந்தான். தொண்டை வெந்து, குரல் தேய்ந்திருந்தது. டிராயரில் கிடந்த தாளைப் பற்றி அவனிடம்தான் முதலில் சொன்னேன்.

"பூஜை அன்னிக்குத் தொடல, அது சரி. எங்கள்லயும் கிதாபுக்கு மருவாதி கீது" என்றான். "மறுநாள் எடுத்துப் படிச்சியே மாமு, அப்ப இன்னா வந்துச்சு உனக்கு?"

"மறந்துட்டேன்டா."

"போய் மேடமாண்ட சொல்லு."

"மெமோ குடுப்பாங்கடா. ரிட்டயர் ஆவ எட்டு மாசம்தான் கீது."

"குடுக்கட்டும். எனக்கு விசில் குடுத்தாங்கோ, உனக்கு மெமோ."

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். மெமோவும் வந்தது. விசாரணை நடந்த அன்று மத்தியானமே செல்வி மேடம் எல்லா செக்‌ஷன் டிராயர்களையும் திறக்கச் சொன்னார். இன்னும் மூன்று இடத்தில் ஒட்டாத தாள் இருந்தது. ஒருவர் கோந்து வரட்டும் என்று வைத்திருந்தார். ஒருவர் பக்க அடையாளத்துக்குச் செருகியிருந்தார். ஒருவர் அழுக்காகக் கூடாது என்று பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். புகையைப் பார்த்தபோது வந்த பயத்தைவிட அந்தக் கவரைப் பார்த்தபோது வந்த பயம் பெரிது.

இப்போதும் எனக்குப் படிக்கக் காகிதம்தான் பிடிக்கிறது. புத்தகத்தின் மேல் இருந்த பிரியத்தில், அதில் இருப்பது சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, எதில் வேண்டுமானாலும் படியுங்கள். ஆனால் நீங்கள் சொல்லும் நம்பரை நம்பி ஒருத்தர் உள்ளே போகிறார் என்றால், இன்னொன்றையும் திறந்து பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.