காந்தத்தில் ஒட்டிய கரண்டி

பாலிடெக்னிக் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த வருடம், சாத்தூரில் அத்தாவின் பழைய இரும்புக் கடையில் பித்தளை பிரிப்பது என் வேலை. பாத்திரம் ஒரு குவியல், தண்ணீர்க் குழாய் ஒரு குவியல், மற்றதெல்லாம் ஒரு குவியல். குழாய்களைக் கழற்றாமல் உருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் இரும்புத் திருகாணி பித்தளையோடு கலந்தால் வார்ப்பில் கட்டி விழும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் எப்போதும் என் கையில் இருக்கும்.

“பொண்ணு பாக்க வாறப்பவும் இதக் கையில வச்சுக்கிட்டே உக்காரு” என்பார் அத்தா.

“ஒட்டினா வேண்டாம்னு சொல்லிரவா?”

ஒரு வெள்ளிக்கிழமை, ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு ஆபீஸில், அதாவது ஆலையில், வேலை பார்க்கும் ஓர் அக்கா, இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தார். பிடி உடைந்த பித்தளைக் கரண்டி ஒன்றை நீட்டினார். காந்தத்தை வைத்தேன். டக்கென்று ஒட்டியது.

“உள்ள இரும்புக்கா. மேல பித்தளை முலாம்.”

“எம்புட்டு மினுக்குதுன்னு பாரு! பாய், உங்க மக இரும்பு வெலைக்கு அடிக்கப் பாக்கா.”

அத்தா ஜும்மாவுக்குத் தொப்பியைச் சரிசெய்தபடி, “அவ என்னம்மா செய்வா? காந்தம் சொல்லுது” என்றார்.

“இதுல எதை அள்ளுவீக?” என்று கேட்டேன்.

“மருந்துதான். பின்ன, பாயசமா?”

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். இரும்பு உரசினால் பொறி வரும், பித்தளையில் வராது. மருந்து அறையில் பித்தளைக் கரண்டி இருப்பதே அதற்காகத்தான். இதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“கொண்டை ஊசியக்கூட கேட்லயே கழத்தச் சொல்லுவாக” என்றார் மெதுவாக. “போன சீசன் பூரா இதுலதான் அள்ளுனேன். இப்பக் குடுத்திருக்கிற புதுசும் இதே மாதிரிதான் மினுக்குது.”

பிறகு, “அந்தக் காந்தத்தக் குடு பாப்பா” என்றார். அன்று அவர் இருக்கன்குடிக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கம், ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார்.

அடுத்த வாரம் காந்தத்தோடும் ஒரு பை நிறையக் கரண்டிகளோடும் வந்தார்.

“ஃபோர்மேன், ‘நீ என்ன இன்ஸ்பெக்டரா’ன்னாரு. கேட்டுக்கு வெளிய, எல்லாரு முன்னாலயும் ஒட்டிக் காட்டுனேன். அவரு வாட்ச்சுலயும் ஒட்டுச்சு. மொதல்ல அதக் கழத்துனாரு.”

பையிலிருந்ததெல்லாம் இரும்பு விலைக்குப் போனது. இந்த முறை அவர் வாதாடவில்லை. புதுக் கரண்டிகளுக்கான ஆர்டர் பக்கத்துத் தெரு வார்ப்புப் பட்டறைக்கு வந்தது. பித்தளை எங்கள் குவியலிலிருந்து போனது. பாதி பழைய குழாய், பாதி யார் வீட்டுக் குடங்களோ. ஒவ்வொரு குழாயையும் கழற்றி, இரண்டு முறை காந்தம் வைத்தேன். அத்தா கிண்டல் செய்யவில்லை.

வார்த்த கரண்டிகளை வாங்க அந்த அக்காவே வந்தார். கடை வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் காந்தத்தை வைத்தார். எதுவும் ஒட்டவில்லை.

“ஒன்னய நம்பாம இல்ல பாப்பா” என்றார், மறுபடியும் முதல் கரண்டியை எடுத்துக்கொண்டே.