தோணியில் யாரும் இல்லை

சனிக்கிழமை பின்னேரம் சரியாக நாலு இருபதுக்கு என் நெஞ்சு ஒருமுறை நின்று, பிறகு தறிகெட்டு ஓடத் தொடங்கியது. இன்னும் முழுசாக வழிக்கு வரவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் தெரியும்... நல்லவேளை, உங்களுக்கு அச்சில்தான் வருகிறது.

விஷயம் இதுதான். பத்தாம் ஆண்டு படிக்கும் என் மகள், இரண்டு சிநேகிதிகளோடு கல்லடிப் பக்கம் வாவியில் படம் வரையப் போனாள். சிநேகிதியின் அப்பாவுடைய தோணி. கரையோரச் சேற்றில் வேர் விட்டு நிற்கும் கண்டல் மரங்களைத் தண்ணீரில் இருந்தபடியே வரைய வேண்டுமாம். தூரிகை கழுவிய தண்ணீரை வாவியில் ஊற்றக் கூடாது என்று வெறும் போத்தல் வேறு கொண்டுபோனாள். மீனுக்கு இவ்வளவு கரிசனை... அம்மாவுக்கு? நாலு மணிக்கு வருகிறேன் என்றவள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

கரைக்கு ஓடினேன். தோணி கண்டல் ஓரமாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

நம் வாவியில் முதலை உண்டு. அது உங்களுக்கும் தெரியும். எனக்கு அந்த நேரம் அது மட்டும்தான் தெரிந்தது.

ஏறாவூரில் வேலையில் இருந்த கணவருக்குக் கோல் எடுத்தேன். மனுசன் ஆறுதலாகச் சொன்னார்: "அவளுக்கு நீந்தத் தெரியும். உனக்குத்தான் தெரியாது. நீ தண்ணிக்குள்ள இறங்காத."

அவர் சொல்லி முடிக்கும்போது நான் இறங்கியிருந்தேன்.

கைப்பை தலைக்கு மேல். சாரி முழங்காலுக்கு மேல். தண்ணீர் ஆழமில்லை — ஆனால் கீழே சேறு. ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. மற்றதையும் கேட்டது, கொடுத்தேன். பிறகு இரண்டு கால்களையும் பிடித்து வைத்துக்கொண்டது. நின்ற இடத்திலிருந்தே மகளைக் கூப்பிட்டேன். வீதியில் போன மோட்டார் சைக்கிள்கள் நின்று பார்க்கும் அளவுக்கு.

கண்டலுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்று பேருடைய சிரிப்பு.

பிறகுதான் கதை தெரிந்தது. கச்சான் காற்றில் தோணி ஆடி, கோடெல்லாம் கோணிப்போனதாம். தோணியைக் கட்டிவிட்டு வேர்களுக்கு நடுவே இறங்கி நின்று வரைந்திருக்கிறார்கள். படம் முடிந்ததும், வேர்களில் சிக்கியிருந்த சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுகளைப் பொறுக்கத் தொடங்கி, நேரத்தை மறந்துவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் விக்கல் பிடிக்கும் என்பது இதுவரை தெரியாது. பிள்ளையைக் காப்பாற்ற ஓடும் பெற்றோரைக் காப்பாற்ற யாராவது பக்கத்தில் நிற்பது நல்லது என்பதும்தான்.

தோணி வந்தது. முன்னால் என் மகள், மூக்கில் பச்சை வண்ணத்தோடு. கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினேன். அவள் என்னைச் சுற்றியிருந்த தண்ணீரையே பார்த்தாள்.

"அம்மா, ஆடாம நில்லுங்க. போன கிழமை நாங்க நட்ட கண்டல் கன்றுக்கு மேலதான் நிக்கிறீங்க."