குலுக்குவதும் கலக்குவதும்

காவிரி கைவிட்டுக் குறுவை போன வருஷங்களில் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து துபாய்க்குக் கிளம்பியவர்களில் நானும் ஒருவன். ஓட்டலில் வேலை என்றுதான் ஊரில் சொல்லியிருந்தோம். அந்த ஓட்டலின் பாரில் மது கலந்து கொடுக்கிறேன் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, என்னிடம்கூட.

சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரர் ஜின்னும், வெர்மூத் என்கிற மூலிகை ஒயினும் சேர்ந்த பானம் கேட்டார். எனக்குத் தெரிந்த கலக்கல் ஒன்றுதான். இரண்டு தம்ளர்களை எடுத்து, உயரத்திலிருந்து மாற்றி மாற்றி ஊற்றி நன்றாக ஆற்றினேன். நுரை கட்டியது. தெளிவாக இருக்க வேண்டியது கழுநீராகி, குளிர்ச்சியும் போயிற்று. அவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"என்ன தம்பி, காபி ஆத்துறியா?" என்று கேட்டார் என் மேற்பார்வையாளரான மலையாளி. உடன் வேலை செய்தவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

பிறகு கற்றுக்கொண்டேன். மது மட்டும் சேரும் பானத்தை ஐஸோடு நீளக் கரண்டியால் நிதானமாகச் சுற்ற வேண்டும். காற்று புகுந்தால் கலங்கிவிடும். எலுமிச்சையோ பாலாடையோ சேர்ந்தால் சுற்றிப் பிரயோஜனமில்லை. மூடிக் குலுக்க வேண்டும், கை விறைக்கிற வரை. அதிகம் குலுக்கினால் ஐஸ் கரைந்து சப்பென்று ஆகும். எப்போது நிறுத்துவது என்று ஐஸ் சத்தத்தைக் கேட்டுக் காதுதான் சொல்லும்.

இதையெல்லாம் பேச ஆளில்லை. அறையில் இருந்தவர்கள் கட்டட வேலைக்காரர்கள், வந்ததும் தூங்கிவிடுவார்கள். வீட்டுக்குப் போன் போட்டால், "வேலை எப்படிங்க இருக்கு?" என்று அவள் கேட்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் கரண்ட் பில்லுக்குப் போய்விடுவாள். என் வேலையை அவள் ஒரு தடவை பார்த்து, 'இதுதான் என் வீட்டுக்காரர் வேலை' என்று யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

மகள் மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு லீவில் வந்தேன். பூசை முடிந்து பந்தலில் விருந்து, கொளுத்தும் வெயில். அண்டாவில் எலுமிச்சை ஜூஸ் இருந்தது, சர்க்கரை அடியிலும் புளிப்பு மேலேயுமாக. எனக்குப் பொறுக்கவில்லை. திருகுமூடி போட்ட எவர்சில்வர் ஜாடியில் எலுமிச்சைச் சாறு, நன்னாரிப் பாகு, துளி உப்பு, உடைத்த ஐஸ் போட்டுத் தோளுக்கு மேல் தூக்கிக் குலுக்கினேன். ஜாடிக்கு வெளியே பனி பூத்தது. ஊற்றியபோது மெல்லிய வெண்ணுரை மேலே நின்றது. பங்குச் சாமியார் இரண்டாவது தம்ளர் கேட்டு வாங்கினார். கூட்டம் சேர்ந்துவிட்டது. என் மனைவியும் வந்து நின்று, கண்ணெடுக்காமல் பார்த்தாள். சந்தோஷத்தில் என் கை வேகமெடுத்தது.

"என்னமா போடுறீங்க மாப்ள. எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் அவளுடைய பெரியப்பா.

நான் அவளைப் பார்த்தேன். அவளே சொல்லட்டும் என்று விட்டேன்.

"டிவியில பாத்தது பெரியப்பா," என்றாள். "அவருக்கு அங்க ஓட்டல் ஆபீஸ்ல கணக்கு எழுதுற வேலை."

"ஆமாங்க, டிவியிலதான்," என்றேன்.

அடுத்த தம்ளரை அவளிடம் நீட்டினேன். "எனக்கு வேணாங்க, சளி பிடிச்சுக்கும்," என்று சொல்லிவிட்டு இலை போடப் போனாள். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று இன்னும் கேட்டார்கள், நானும் குலுக்கிக் கொடுத்தேன். அந்தப் பந்தலில் இருந்த அளவுக்குத் தனியாக நான் துபாயில்கூட இருந்ததில்லை.