கதவை மறித்த பதில் வாத்தியார்

அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஆற்றின் கிழக்குக் கரையில் ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கே வெர்னெல் ப்ரூயிட் நடத்தை ஆதரவுப் பணியாளர், அதாவது கொதித்தெழும் பிள்ளைகளை ஆறவைத்து வகுப்புக்குத் திருப்பி அனுப்புபவள். இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். முதுகுக்குப் பின்னால் அறுபது பிள்ளைகள் கத்தக் கத்த, பனியில் வண்டியை நேராகக் கொண்டுபோனதே பெரிய தகுதி என்று எட்டு நாள் பயிற்சி கொடுத்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

தலைமை ஆசிரியர் நோவிக்கிக்கு ஒரே லட்சியம், சஸ்பென்ஷனைக் குறைப்பது. ஆலைகளில் விபத்தில்லாத நாட்களை எண்ணுவது போல, அலுவலக வாசலில் 'சஸ்பென்ஷன் இல்லாமல் 41 நாட்கள்' என்று பலகையே மாட்டியிருந்தார்.

வெர்னெலின் ஏற்பாடு எளிமையானது. தலைக்குச் சூடு ஏறினால் பிள்ளை வாயே திறக்க வேண்டாம். வெர்னெல் கொடுத்திருக்கும் மஞ்சள் அட்டையை ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டு அவள் அறைக்கு வந்து பத்து நிமிஷம் உட்காரலாம். பிறகு வகுப்பு. எட்டாம் வகுப்பு கெசாயா அந்த அட்டையை நம்பித்தான் பள்ளியில் இருந்தாள். அவள் பெயரில் ஏற்கெனவே இரண்டு சஸ்பென்ஷன். மூன்றாவது விழுந்தால், அடங்காத பிள்ளைகளை அனுப்பும், இரண்டு பஸ் மாறிப் போகும் மாற்றுப் பள்ளிதான்.

வியாழக்கிழமை கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல். பதிலுக்கு வந்தவர் ஃபெல்ப்ஸ், ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ்காரர். அவரிடம் கொடுத்த கோப்பில் தீ ஒத்திகை இருந்தது. யாருக்கு வேர்க்கடலை ஆகாது என்பது இருந்தது. ஜன்னல் திரையை இழுக்கும் முறைகூடப் படத்தோடு இருந்தது. கெசாயாவின் அட்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை எழுதிய ஆதரவுத் திட்டம் மாணவியின் ரகசிய ஆவணமாயிற்றே! விதிப்படி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள் வெர்னெல்.

வாக்கி டாக்கி அலறியதும் ஓடினாள். வகுப்பில் ஒரு மேசை கவிழ்ந்து கிடந்தது. கெசாயா நாற்காலியை நெஞ்சளவு தூக்கியிருந்தாள். ஃபெல்ப்ஸ் கைகளை விரித்துக் கதவை மறித்து நின்றார்.

"எனக்கே மஞ்சள் அட்டை காட்றா! நான் என்ன ஃபவுல் பண்ணினேன்?"

"சார், இந்தப் பக்கம் வாங்க."

"அவ மொதல்ல மன்னிப்பு..."

"அந்த நாற்காலிக்கும் உங்க தலைக்கும் நாலடிதான் சார்."

ஃபெல்ப்ஸ் நகர்ந்தார். இத்தனை வருஷம் இன்சூரன்ஸில் இருந்தவருக்கு ஆபத்தை அளக்கத் தெரியாதா!

வெர்னெல் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்றாள். "கண்ணு, அதக் கீழ வெக்கிறியா, தூக்கிட்டே வர்றியா? எனக்கு எதுன்னாலும் சரி."

கெசாயா அதைத் தூக்கிக்கொண்டே வெர்னெலின் அறைக்கு வந்தாள்.

பின்னாலேயே சஸ்பென்ஷன் படிவமும் பேனாவுமாக நோவிக்கி வந்தார். வெர்னெலைத் தாழ்வாரத்துக்கு இழுத்தார். "தலைவலின்னு வீட்டுக்கு அனுப்பிடுங்க. எழுத்துல ஒண்ணும் வராது. பொண்ணுக்கும் நல்லது, பலகைக்கும் நல்லது. இல்லன்னா மூணு நாள் சஸ்பென்ஷன்."

வெர்னெலுக்கு நாக்கு வரை 'சரி' வந்துவிட்டது. போன வருஷம் இப்படித் தலைவலி கண்ட ஒரு பிள்ளை, மூன்றாவது தலைவலிக்குப் பிறகு பள்ளிப் பக்கமே திரும்பவில்லை.

"அவளுக்குத் தலைவலி இல்ல சார். படிவத்துல ஏழாவது கேள்வி என்ன?"

நோவிக்கி வேண்டாவெறுப்பாகப் படித்தார். "ஆதரவுத் திட்டம் பின்பற்றப்பட்டதா?"

"இல்லைன்னு போடுங்க. பதில் வாத்தியாருக்குச் சொல்லாம பூட்டி வெச்சது நான். கையெழுத்தும் போடறேன்."

"உங்க வேலைக்கே உலை வெச்சுக்கறீங்க, மிஸ் ப்ரூயிட்."

"பஸ் ஓட்டத் தெரியும் சார்."

நோவிக்கி பேனாவைத் திறந்தார், மூடினார். 'இல்லை' என்று போட்டால் மேலிடம் அவரையும் அல்லவா குடையும்! "மணியடிக்க இன்னும் கால்மணி இருக்கு. அதுவரைக்கும் அவ வகுப்புல ஒழுங்கா உக்காரணும். இன்னொரு சத்தம் கேட்டுச்சு, எழுதிருவேன்."

வெர்னெல் அட்டையைப் பற்றி ஃபெல்ப்ஸின் காதில் நாலு வார்த்தை போட்டுவிட்டு வந்தாள்.

"அந்த ஆளுகிட்ட ஸாரி கேக்கணுமா, மிஸ்?" என்றாள் கெசாயா.

"கவுத்த மேசைய நிமித்து. மத்தது உன் இஷ்டம்."

கெசாயா வகுப்புக்குள் போனாள். வெர்னெல் வெளியே சுவரோடு ஒட்டி நின்றாள். தாழ்வாரக் கோடியில் நோவிக்கி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மேசைக் கால்கள் தரையில் கிரீச்சிட்டன. நோவிக்கி ஓரடி எடுத்து வைத்தார்.

ஃபெல்ப்ஸ் கனைத்தார். "எனக்கு யாரும் சொல்லலம்மா."

உள்ளே புத்தகம் புரளும் சத்தம்.

"எத்தனாவது கணக்கு?" கெசாயாவின் குரல், கடுகடுவென்று.

"பன்னெண்டு," என்றார் ஃபெல்ப்ஸ். "எனக்கும் வரல."